முள்ளங்கி என்றால் சாம்பார் மட்டும்தானா?

போன மார்கழியில் முப்பது சென்ட் முள்ளங்கி. பிடுங்கி, கழுவி, கட்டுக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். ஆள்கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக கையில் நின்றது 140 ரூபாய். முப்பத்தொரு வருஷம் வங்கியில் உட்கார்ந்து அடுத்தவர் வரவு செலவைக் குறை சொன்னவன் நான்! மீதி இரண்டு மூட்டையை விற்க மனசு வராமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். "இத்தனையையும் தினம் சாம்பாரா வைக்கறது?" என்று கேட்டாங்க வீட்டம்மா.

வழி சொன்னது கொரியத் தொடர் பார்க்கும் பேத்திதான். அங்கே முள்ளங்கியைப் பச்சையாகவே காரம் போட்டுப் பிசைந்து சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். பெயர் 'மு செங்சே'. கிம்ச்சி மாதிரி நாள்கணக்கில் புளிக்க வைக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் இலைக்கு வந்துவிடும். அவர்களுக்கும் சோறுதான் பிரதானம், சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொடுகறி.

அரை கிலோ முள்ளங்கியைத் தோலோடு தேய்த்துக் கழுவி, தீக்குச்சி கனத்தில் நறுக்குங்கள். ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரை சேர்த்துப் பிசறி, கால் மணி நேரம் விடுங்கள். கொரிய முள்ளங்கி குட்டையாக, பருத்து, இனிப்பாக இருக்கும். நம்முடையது காட்டமானது, அதனால் தண்ணீரைப் பிழிந்துவிடுவது நல்லது. பிறகு நசுக்கிய பூண்டு நாலு பல், துளி இஞ்சி, வெங்காயத்தாள், ஒரு ஸ்பூன் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. மிளகாய்க்கு இறக்குமதிப் பாக்கெட் தேடி அலைய வேண்டாம். அவர்கள் போடுவது விதை நீக்கி, கொரகொரப்பாகப் பொடித்த, காரம் குறைந்த சிவப்பு மிளகாய். காஷ்மீரி வகை மிளகாயை விதை உதிர்த்து இடித்தால் அதே நிறம் வரும். ஒன்றரை ஸ்பூன் போதும். கையால் பிசைந்து, வறுத்த எள்ளைத் தூவுங்கள். அவர்கள் நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் செக்கு எண்ணெயில் அந்த வாசம் வராது, எள்ளை வறுத்துப் போட்டால் ஈடு கட்டிவிடும். கீரையை மாட்டுக்குப் போடுகிறோமே, அங்கே அதைக் காயவைத்துச் சூப்பில் போடுகிறார்கள்.

நம்ம ஆட்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விலை இல்லை, விலை இல்லை என்கிறோம். வாங்குகிறவர் அந்தக் காயை எத்தனை விதமாகச் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொடுக்கிறோமா? சாம்பாருக்கு இரண்டு முள்ளங்கி போதும். உப்பில் சுருங்கிவிடுவதால் இந்தப் பச்சைக் கறிக்கு நாலு பேருக்கு அரை கிலோ வேண்டும். அதைவிட முக்கியம், தோலோடு பச்சையாகத் தின்கிற காயை எந்த வயல், என்ன தெளித்தார்கள் என்று தெரியாமல் யார் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்? அந்தக் கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்ல நம்மால்தான் முடியும்.

கொரியாவில் குளிர் தொடங்கும் முன் குடும்பங்கள் கூடி மொத்தமாகக் கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் அங்கே பல ஓட்டல்களில் இன்று பரிமாறுவது சீனாவிலிருந்து வரும் மலிவுச் சரக்கு. பெருமை மட்டும் விவசாயிக்குச் சோறு போடாது போலிருக்கிறது.

இப்போது ஞாயிற்றுச் சந்தையில் ஒவ்வொரு கட்டோடும் செய்முறைச் சீட்டு ஒன்று கொடுக்கிறேன். முதல் வாரம் இருபது சீட்டு போனது, திரும்பி வந்து கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் "காரம் ஜாஸ்தி சார்" என்றார். மிளகாயை ஒரு ஸ்பூனாகத் திருத்தி மறுபடி அச்சடித்திருக்கிறேன்.