ஜாக்கி தூக்கும், தாங்காது

ரொம்ப நாளைக்கு அப்புறம் எழுதுறேன். ஆபீஸ்ல ரிலீஸ், அது இதுன்னு மூணு மாசம் ஓடியே போச்சு. இன்னைக்கு சினிமா, அரசியல், மென்பொருள் எதுவும் கிடையாது. காருக்குப் போடுற ஜாக்கியைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க, விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

போன மாசம் லீவு போட்டு ஏற்காட்டுக்கு, அதாவது வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாகிட்ட இன்னும் அந்தப் பழைய மாருதி 800 இருக்கு. கம்பெனியே 2014-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க, அப்பா மட்டும் நிறுத்தலை. "இருபது கொண்டை ஊசி வளைவையும் இது இன்னும் ஏறுதுடா, எதுக்கு விக்கணும்?"னு கேப்பார். நியாயம்தான்.

சைலன்சர் பைப் முன்பக்க ஜாயின்ட்ல லூசாகி, டிராக்டர் மாதிரி சத்தம். தெரிஞ்ச ஒர்க்‌ஷாப் பையன் ஒருத்தனை வீட்டுக்கே வரச் சொன்னோம். எங்க வீட்டு வாசல் சரிவு. மலையில சமதளமான வாசல் யாருக்கு இருக்கு? வண்டி மூக்கு இறக்கத்தைப் பார்த்து நின்னுது. அதுக்கு முந்தின ராத்திரி மழை வேற. பையன் ஹேண்ட் பிரேக் போட்டான், முதல் கியர்ல விட்டான், பின்சக்கரத்துக்கு முன்னாடி ஒரு உருண்டைக் கல்லை வச்சான். டிக்கியில இருந்த ஜாக்கியை எடுத்து முன்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கினான். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணே, முட்டு கொடுக்க ஏதாச்சும் இருக்குமா?"ன்னு கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அஞ்சு நிமிஷ வேலைதானே தம்பி, ஒரு இறுக்கு இறுக்கிட்டு வந்துடு."

பொறியியல் படிச்சவன் சொன்ன பதில் இது.

பாதி உள்ள போனவன், பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை மறந்துட்டேன்னு வெளிய வந்தான். எழுந்து நாலு அடி கூட வச்சிருக்க மாட்டான், வண்டி மெதுவா முன்னாடி நகர்ந்துச்சு, ஜாக்கி சாஞ்சது, டொம்முனு உக்காந்துச்சு. வண்டியோட வயித்துக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அம்மா உள்ளேயிருந்து, "என்னடா சத்தம்?"னு கேட்டாங்க. "ஒண்ணுமில்லம்மா"ன்னேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஹேண்ட் பிரேக், கியர், கல்னு மூணு இருந்தும் வண்டி ஏன் நகர்ந்துச்சுன்னு உக்காந்து யோசிச்சேன்.

முதல்ல கியர். இது முன்சக்கர டிரைவ் வண்டி. முன்னாடி ஒரு சக்கரத்தைத் தூக்கிட்டா, நடுவுல இருக்கிற டிஃபரென்ஷியல், தூக்கின சக்கரத்தைப் பின்னாடி சுத்தவிட்டு, தரையில இருக்கிறதை முன்னாடி உருளவிடும். அதாவது கியர் இருந்தும் இல்லாத மாதிரிதான். மிச்சம் இருந்தது பின்சக்கரத்தைப் பிடிக்கிற ஹேண்ட் பிரேக் மட்டும். பழைய வண்டி, கேபிள் தளர்ந்து கிடந்திருக்கு. கல்லு ஈரத்துல வழுக்கிடுச்சு.

அடுத்து சரிவு. வண்டி எடை சுமார் 650 கிலோ. பத்தடிக்கு ஒரு அடி இறங்குற சரிவுல நின்னா, அதைக் கீழே இழுக்கிற விசை சுமார் 65 கிலோ எடைக்குச் சமம். ஒரு ஆள் இடைவிடாம பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே இருக்கிற மாதிரி. ஜாக்கி நேர் கீழ்நோக்கி வர்ற எடையைத் தூக்கறதுக்குச் செஞ்ச சாமான். பக்கவாட்டுல தள்ளினா அதுக்கு அகலமான காலும் கிடையாது, பிடிமானமும் கிடையாது. அதுவும் ஊறிப்போன செம்மண்ணுல நின்னா கேக்கவே வேணாம்.

என் கருத்து ரொம்ப சிம்பிள். ஜாக்கி தூக்கறதுக்கு, தாங்கறதுக்கு இல்லை. டிக்கியில வர்ற ஜாக்கி சக்கரம் மாத்த மட்டும்தான். ஹைட்ராலிக் ஜாக்கி வாங்கிட்டாலும் கதை இதேதான். உள்ள ஒரு ரப்பர் சீல் கசிஞ்சா போதும், வண்டி இறங்க ஆரம்பிச்சுடும். வண்டிக்கு அடியில கையோ காலோ தலையோ போகணும்னா, ஸ்டாண்டு போட்டு முட்டு கொடுத்தாகணும். பேக்கப் எடுக்காம புரொடக்‌ஷன் சர்வர்ல கை வச்சா டீம் லீடு நம்மள விடுவாரா? இங்க மட்டும் ஏன் தைரியம்?

"நாங்க இருபது வருஷமா செங்கல்லு, ஹாலோ பிளாக்கு வச்சுத்தான் பாக்கறோம், ஒண்ணும் ஆகலையே"ன்னு சித்தப்பா சொன்னார். ஒண்ணும் ஆகாதவங்கதான் சித்தப்பா இதைச் சொல்ல முடியும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவர்ல வரிசையா அடுக்கினா சுமை பரவலா இறங்கும், தாங்கும். கார் பாடியோட ஒரு ஒல்லியான விளிம்பு அது மேல உக்காந்தா, எந்த எச்சரிக்கையும் இல்லாம சட்டுனு உடையும். மரம்னா நசுங்கும்போதாவது முனகும், கல்லு முனகாது.

ஸ்டாண்டு வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சதான்னா, அதுவும் இல்லை. அமெரிக்காவுல ஹார்பர் ஃப்ரெயிட்னு ஒரு பெரிய கடை. 2020-ல அவங்க வித்த ஜாக் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்குல திரும்ப வாங்கிக்க வேண்டி வந்துச்சு. உயரத்தைப் பிடிச்சு நிறுத்துற பல்லு சரியா மாட்டாம, ஸ்டாண்டு திடீர்னு இறங்கிடுற ஆபத்து. வேடிக்கை என்னன்னா, அதுக்கு மாத்தா வந்த ஸ்டாண்டுல சிலதையும் வெல்டிங் கோளாறுன்னு அதே வருஷம் திரும்ப வாங்கினாங்க. அதனால எந்த ஒரே சாமானையும் முழுசா நம்பக் கூடாது.

இப்ப வீட்டுல நான் வச்சிருக்கிற வழக்கம் இது. கெட்டியான சமதரை. எங்க வாசல்ல முடியாதுன்னா, சிமெண்ட் தரை இருக்கிற பக்கத்து வீட்டு ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடறது. தரையில நிக்கிற சக்கரங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆப்பு மாதிரி செதுக்கின கட்டை, உருண்டைக் கல் கிடையாது. சக்கரத்தைக் கழட்டணும்னா நட்டைத் தூக்கறதுக்கு முன்னாடியே லூஸ் பண்ணிடணும். ஜாக்கியை மேனுவல்ல காட்டின இடத்துல மட்டும் வைக்கணும். ஸ்டாண்டையும் கெட்டியான இடத்துல வைக்கணும், எண்ணெய்ச் சட்டிக்கு அடியிலயோ தகரத் தரைக்கு அடியிலயோ வைக்கக் கூடாது. வண்டியை இறக்கி ஸ்டாண்டு மேல உக்கார வச்சுட்டு, ஜாக்கியையும் லேசா தொட்டபடி விட்டுடணும். ஸ்டெப்னியைப் படுக்க வச்சு வண்டி விளிம்புக்கு அடியில தள்ளிடணும். கடைசியா, உள்ள போறதுக்கு முன்னாடி வண்டியைக் கையால நல்லா ஆட்டிப் பாக்கணும். விழறதா இருந்தா நாம வெளிய இருக்கும்போதே விழட்டும்.

மலைப் பாதையில பஞ்சர் ஆனா ஸ்டாண்டுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. சக்கரம் மாத்த அடியில போக வேண்டியதே இல்லை. வளைவுல நிறுத்தாம கொஞ்சம் தள்ளி, தரை சமமா இருக்கிற இடத்துல நிறுத்துங்க. உள்ள இருக்கிறவங்களை இறக்கி விடுங்க. இன்னொண்ணு, வேலை முடிஞ்சதும் சக்கரத்துக்கு வச்ச கல்லை ஓரமா எடுத்துப் போட்டுட்டுப் போங்க சாமி! நம்ம ரோட்டுல அப்படி விட்டுட்டுப் போன கல்லு எத்தனை கிடக்குது. ராத்திரி பைக்ல இறங்கறவனுக்கு அது எமன்.

கடைசியா ஒண்ணு. அன்னைக்கு அந்தப் பையனுக்கு விவரம் தெரியாம இல்லை. அவன் சரியாத்தான் கேட்டான். அவசரப்படுத்தினது நான். காசு கொடுக்கிறவன் "அஞ்சு நிமிஷம்தானே"ன்னு சொன்னா, கூலிக்கு வந்தவன் எதிர்த்துப் பேச மாட்டான், உள்ள போயிடுவான். அதனால மெக்கானிக் கவனமா இருக்கணும்னு மட்டும் சொல்றது பத்தாது. முட்டு இல்லாம வேலை வேணாம்னு வண்டிக்காரன்தான் முதல்ல சொல்லணும். ஒரு ஜோடி ஸ்டாண்டு, மே மாசம் கோடை விழா சமயத்துல இங்க ஒரு ராத்திரி ரூமுக்குக் கொடுக்கிற காசு கூட வராது. தெருவுக்கு ஒரு ஜோடி இருந்தாலே போதும்.

நான் சேலத்துல இறங்கி ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தேன். மறுநாளே அந்தப் பையன், "அண்ணே, ஒரு ஜீப்பு வேலை இருக்கு, குடுங்க"ன்னு எடுத்துட்டுப் போனான். இன்னும் திருப்பித் தரலை. கேக்கவும் போறதில்லை, இன்னொரு ஜோடி வாங்கிக்கலாம் :-)