எண்ணப்படும் நிமிடங்கள், எண்ணப்படாத சாதி

சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் பொருத்திய கடிகாரங்கள் கட்டப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. தொழிலாளி எத்தனை மணிக்கு வந்தார், தமக்கு ஒதுக்கப்பட்ட தெருவைவிட்டு எப்போது வெளியேறினார், எவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றார் என்பனவெல்லாம் எங்கோ ஓர் அலுவலகத் திரையில் புள்ளிகளாக நகர்கின்றன. 2020இல் சண்டிகர்த் தொழிலாளர்கள் இதை எதிர்த்து வீதிக்கு வந்தனர். கழிப்பறைக்குச் செல்லும்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்களோ என்று பெண் தொழிலாளர்கள் அஞ்சினர்.

இதே நாட்டின் பெருநிறுவனம் ஒன்றிடம் ஓர் எளிய கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: உங்கள் மேலாளர்களில் பட்டியல் சமூகத்தினர் எத்தனை பேர்? ஆயிரக்கணக்கான பணியாளர்களின் வருகை, ஊதியம், விடுப்பு, செயல்திறன் மதிப்பெண் அனைத்தையும் நொடியில் எடுத்துத் தரும் மென்பொருளை வைத்திருக்கும் நிறுவனம், பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு மட்டும் “அப்படியொரு தரவு எங்களிடம் இல்லை” என்று கைவிரிக்கும்.

இந்த இரு காட்சிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சாதிப் படிநிலையின் கீழே நிறுத்தப்பட்டவர்களின் ஒவ்வொரு நிமிடமும் எண்ணப்படுகிறது. மேலே யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் எண்ணப்படாமல் இருக்கிறது. எதைப் பதிவு செய்வது, எதை விட்டுவிடுவது என்பதை முடிவு செய்வோர் மேலே அமர்ந்திருப்பவர்களே.

விடுபட்ட பத்தி

நவீன நிறுவனம் தகவலால் இயங்குகிறது. வேலைக்கு விண்ணப்பிப்போரைத் தரம் பிரிக்க ஒரு மென்பொருள், பணியில் சேர்ந்தோரின் விவரங்களைக் காக்க மற்றொன்று, கொள்முதலையும் ஒப்பந்ததாரர்களையும் கையாள இன்னொன்று என எல்லாத் தகவலும் அட்டவணைகளில் சேர்கிறது. அட்டவணையில் பத்தி இருந்தால் அதைக் கூட்டலாம், ஒப்பிடலாம், இலக்கு நிர்ணயிக்கலாம், தவறினால் விளக்கம் கேட்கலாம். பத்தி இல்லாத ஒன்று நிர்வாகக் கூட்டத்தில் பேச்சுக்கே வருவதில்லை.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2021இல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கைக்கான படிவத்தை வெளியிட்டது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் இது கட்டாயம். ஆண், பெண் பணியாளர் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், இயக்குநர் குழுவில் பெண்களின் பங்கு என்ன, ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடைநிலை ஊதியம் எவ்வளவு என்றெல்லாம் அது கேட்கிறது. இவை தேவையான கேள்விகள். பெண்கள் இயக்கமும் மாற்றுத்திறனாளிகள் இயக்கமும் நெடுங்காலம் போராடியதன் பயன்கள். ஆனால் பணியாளர் அட்டவணையில் சாதிக்கு இடமில்லை. பணியிடப் பாகுபாடு குறித்த புகார்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரி உண்டு. அந்தப் பாகுபாடு எதன் பெயரால் நிகழ்ந்தது என்று அது கேட்பதில்லை.

கேட்காமலே தெரிந்துவிடும் சாதி

“நாங்கள் சாதியைப் பார்ப்பதில்லை, அதனால் பதிவு செய்வதில்லை” என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். படிவத்தில் சாதி இல்லை என்பதற்காக முடிவெடுப்பவரின் மனத்திலும் இல்லை என்று ஆகிவிடாது.

சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. கல்வித் தகுதி சமமாக இருந்தது. பெயர்கள் மட்டுமே வேறுபட்டன. நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம் உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. பெயர் என்ற பத்தியே சாதி என்ற பத்தியின் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

பெயர் மட்டுமா? ஊர், பள்ளி, தந்தையின் தொழில், கல்லூரி சேர்க்கையின் தர எண் என ஒவ்வொன்றும் சாதியைக் காட்டிக்கொடுக்கும். நுழைவுத் தேர்வுத் தர எண்ணைச் சக மாணவரிடம் கேட்பது சாதியைத் துருவும் முயற்சியாகலாம் என்று மும்பை ஐஐடி 2023இல் மாணவர்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட வேண்டியிருந்தது. சிஸ்கோ நிறுவனத்துக்கு எதிராகக் கலிபோர்னியா அரசின் குடிமை உரிமைத் துறை 2020இல் தொடுத்த வழக்கிலும் இதே இழை உண்டு. தலித் பொறியாளர் ஒருவர் இடஒதுக்கீட்டில் ஐஐடியில் சேர்ந்தவர் என்பதை மேலதிகாரி உடன் பணியாற்றுவோரிடம் வெளிப்படுத்தினார் என்றும், அவர் புகார் அளித்தபோது சாதிப் பாகுபாடு சட்டவிரோதமானதன்று என்று மனிதவளப் பிரிவினர் கருதினர் என்றும் அரசுத் தரப்பு குற்றஞ்சாட்டியது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023இல் அரசே திரும்பப் பெற்றது. தீர்ப்பு எதுவாயினும் ஒன்று தெளிவு. புகாரைப் பதியும் முறைமையில் சாதி என்ற சொல் இல்லாதபோது, பாதிக்கப்பட்டவர் தம் துயரத்துக்குப் பெயரிடவும் வழியில்லை.

இப்போது விண்ணப்பங்களை முதலில் வாசிப்பது பெரும்பாலும் மென்பொருள். மனித மனத்தின் சாய்வு இயந்திரத்துக்கு இருக்காது என்று நம்புவோர் அமேசானின் அனுபவத்தை நினைவில் கொள்ளலாம். பத்தாண்டு விண்ணப்பங்களைப் பாடமாக ஊட்டி அந்நிறுவனம் ஒரு தேர்வுக் கருவியை உருவாக்கியது. அந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே ‘பெண்கள்’ என்ற சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களின் மதிப்பைக் கருவி குறைத்தது. இச்செய்தி 2018இல் வெளியானது. அதற்கு முன்பே நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டிருந்தது. பாலினத்தை வைத்துச் சோதிக்க முடிந்ததால்தான் சாய்வு கண்டுபிடிக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்திய நிறுவனத்தின் தேர்வு மென்பொருள் தலித் விண்ணப்பங்களை வடிகட்டினால், அதைச் சோதித்தறிய நிறுவனத்திடமே அளவுகோல் இருக்காது.

விளைவை வெளியிலிருந்துதான் காண முடிகிறது. 1000 பெரிய நிறுவனங்களின் 9,052 இயக்குநர்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர் என்றும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடு என்றும் கண்டது. நிறுவனங்கள் தராத தகவலை ஆய்வாளர்கள் இயக்குநர்களின் குடும்பப் பெயர்களிலிருந்து ஊகித்துச் சேர்க்க வேண்டியிருந்தது.

கடிகாரம் யாருக்கு?

கீழ்த்தட்டில் இந்தத் தகவல் தயக்கம் ஏதும் கிடையாது. கழிவுநீர்க் குழாய், மலக்குழித் தொழிலாளர்களை ஒன்றிய அரசு நமஸ்தே திட்டத்தின்கீழ் கணக்கெடுத்து வருகிறது. 2024இல் வெளியான விவரங்களின்படி, அதுவரை சரிபார்க்கப்பட்ட ஏறத்தாழ 38,000 பேரில் 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் ஏறத்தாழ 69 விழுக்காடு.

இந்தத் துறைதான் இன்று ஒப்பந்த நிறுவனங்களின் கைக்கு மாறிவருகிறது. சென்னையில் பல மண்டலங்களின் தூய்மைப் பணி, செயல்திறன் குறியீடுகளின் அடிப்படையில் கட்டணம் பெறும் தனியார் நிறுவனங்களிடம் உள்ளது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் அவ்வாறே ஒப்படைக்கப்படுவதை எதிர்த்துத்தான் 2025 ஆகஸ்டில் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாட்கள் அமர்ந்திருந்தனர். இறுதியில் நள்ளிரவில் காவல்துறையால் அகற்றப்பட்டனர். வேலைப் பாதுகாப்பும் ஊதியமும் அவர்களது முதன்மைக் கோரிக்கைகள்.

குறியீட்டை நிறைவேற்றினால்தான் நிறுவனத்துக்குப் பணம் என்றால், குறியீட்டில் உள்ளதே வேலையாகிவிடும். அகற்றிய குப்பையின் எடை, வண்டியின் வழித்தடம், வருகைப் பதிவு ஆகியவை எளிதில் எண்ணக்கூடியவை. கையுறை கிடைத்ததா, பெண் தொழிலாளர் உடைமாற்ற இடம் உண்டா, வருங்கால வைப்புநிதி கட்டப்பட்டதா என்பனவும் எண்ணக்கூடியவைதாம். தொழிலாளியின் கடமையை அளக்கப் பாயும் தொழில்நுட்பம், முதலாளியின் கடமையை அளக்க ஏன் வருவதில்லை?

கேட்பதும் ஆபத்து, கேளாமையும் ஆபத்து

சாதியைக் கேட்டால் சாதியம் வளராதா என்ற ஐயத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. பதிவான தகவல் தவறான கைகளுக்குப் போகலாம். பத்தி இருந்தாலே நீதி கிடைத்துவிடும் என்பதும் இல்லை. ஊரக வேலைத் திட்டத்தில் 2021-22 முதல் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றையோர் எனப் பிரித்து வழங்க ஒன்றிய அரசு அறிவுறுத்தியது. ஒரே இடத்தில் ஒன்றாக மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாட்களில் கூலி வந்தது. ஊர்களில் கசப்பு வளர்ந்தது. சாதித் தரவு பங்கேற்பை அளக்கப் பயன்பட வேண்டும். தனிமனிதரின் கூலிக்கும் பதவி உயர்வுக்கும் குறுக்கே வரக்கூடாது.

இதற்கு உலகில் முன்மாதிரி உண்டு. வட அயர்லாந்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் தோற்றத்தில் வேறுபடுவதில்லை; நம் சாதிகளைப் போலவே பெயர், பள்ளி, வசிப்பிடம் ஆகியவையே அவர்களை இனங்காட்டின. கத்தோலிக்கர்கள் வேலைகளில் நீண்டகாலம் ஒதுக்கப்பட்டனர். 1989ஆம் ஆண்டின் நியாயமான வேலைவாய்ப்புச் சட்டம், பணியாளர்களின் சமூகப் பின்னணியைக் கணக்கெடுத்து அறிக்கை தருவதைத் தனியார் முதலாளிகளுக்கும் கட்டாயமாக்கியது. இன்று வாரம் 16 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்கள் 10 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் அங்குள்ள சமத்துவ ஆணையத்துக்குக் கணக்குத் தர வேண்டும். தனிமனிதரின் பின்னணியை வெளியிடுவது அங்கே குற்றம். கேள்வியும் காப்பும் ஒரே சட்டத்துக்குள் அமைந்தன.

நம் சட்டம் எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2018, 2019ஆம் ஆண்டு வரைவுகள் சாதியைக் கூடுதல் காப்புத் தேவைப்படும் தகவலாக வகைப்படுத்தியிருந்தன. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. மாறாக, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகப் பணியாளரின் தகவலை அவரது ஒப்புதலின்றியே கையாள அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு இடமளிக்கிறது. கடிகாரம் கட்டும் முதலாளிக்கு இது வசதி. கட்டப்படும் தொழிலாளிக்கு எந்த வசதியும் இல்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் இரண்டு முனைகளிலும் இருக்க வேண்டும். செபியின் படிவத்தில் பணியாளர், மேலாளர், இயக்குநர் ஆகிய ஒவ்வொரு நிலையிலும் சமூகப் பிரிவுவாரிக் கணக்கு இடம்பெற வேண்டும். மொத்த எண்கள் வெளிப்படையாகவும் தனிமனிதர் விவரங்கள் மறைவாகவும் இருக்க வேண்டும். விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் மென்பொருட்கள் சாதிச் சாய்வுக்காகத் தணிக்கை செய்யப்பட வேண்டும். தூய்மைப் பணி ஒப்பந்தங்களில் தொழிலாளர் நலனும் செயல்திறன் குறியீடாக வேண்டும். தொழிற்சங்கத்தின் உடன்பாடின்றி எந்தத் தொழிலாளியின் உடலிலும் கண்காணிப்புக் கருவி மாட்டப்படக் கூடாது.

அரசமைப்பின் 16ஆம் உறுப்பு தனியார் துறையை எட்டவில்லை. தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கை 2004 முதல் ஆட்சியாளர்களின் மேசையில் கிடக்கிறது. தொழிலதிபர் சங்கங்கள் தாமாகவே நடவடிக்கை எடுப்பதாக உறுதியளித்து அதைத் தள்ளிப்போட்டன. அந்த உறுதியின் பயனை அளக்க, ஆண்டுதோறும் வெளியாகும் எண்கள் வேண்டும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கணக்கிடப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. நாடே எண்ணப்படும்போது, நிறுவனங்கள் மட்டும் எண்ண மறுப்பதற்கு நியாயம் ஏது?

வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களிடம் மாணவர்கள் ஊதியத்தையும் பணியிடத்தையும் கேட்கிறார்கள். இனி அந்தப் பட்டியலில் மூன்றாவது கேள்வியும் சேரட்டும்: உங்கள் மேலாளர்களில் எங்கள் சமூகத்தினர் எத்தனை பேர்? “தரவு இல்லை” என்ற பதிலை ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் அமைப்புகள் எழுதிவைத்து வெளியிட்டால், நிறுவனங்கள் ஏற்படுத்தாத பத்தியை நாமே தொடங்கியவர்களாவோம்.