நடுங்குற வண்டிக்கெல்லாம் எஞ்சின் வேலையா?

'கார் சமாச்சாரமெல்லாம் ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க' என்று ஒதுங்கி நிற்கும் தோழியருக்குத்தான் இந்தக் கடிதம். பழைய கார் வாங்கப் போவது பெரும்பாலும் நம்ம சீட்டுப் பணமும் நகைக்கடன் பணமும்தான். அந்த வண்டிக்கு என்ன நோவு என்று தெரிந்துகொள்ள நமக்கு மட்டும் என்ன தயக்கம்?

போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினோம். ஓடும்போது ஒன்றும் தெரியாது. குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் நின்றால் போதும், ஸ்டியரிங்கிலிருந்து கண்ணாடி வரை நடுங்கும். ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் காது கொடுத்துவிட்டு, "எஞ்சினைப் பிரிக்கணும்க்கா, இருபத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார். என் அப்பா லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். அதனால் எனக்கு நாலு விஷயம் தெரியும். "கம்ப்ரெஷன் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அதெல்லாம் சத்தத்துலயே தெரியும்" என்றார். வேறு இடத்தில் காட்டினோம். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியில் ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் கீறிப் போயிருந்தது. சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது.

1983-இல் வந்து 2014 வரை தயாரான மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர். இன்றும் பல சின்னக் கார்களுக்கு அப்படித்தான். இவை நிற்கும்போது லேசாக அதிர்வது இயல்பு. ஆனால் தாளம் தப்பினாற்போல 'டுப்... டுப்' என்று உதறினால், அதுதான் மிஸ்ஸிங். அடுப்பு பர்னர் அடைத்தால் தீ துள்ளும். அதற்காக அடுப்பையே மாற்றுவோமா? முதலில் பர்னரைத்தானே துடைப்போம்? காருக்கும் அதே நியாயம்தான்.

ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்ததும் நடுக்கம் அடங்கினால், ஹோஸில் காற்றுக் கசிவோ த்ராட்டிலில் அழுக்கோ இருக்கலாம். ஏ.சி. போட்டால் மட்டும் உதறினால், அந்தச் சுமைக்கு ஏற்ப எஞ்சின் வேகத்தைக் கூட்டும் பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சத்தம் சீராக இருந்து வண்டி மட்டும் ஆடினால், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போயிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எஞ்சின் ஆயில் ஈரம் இருந்தால்தான் உள்வேலை பற்றிக் கவலைப்பட வேண்டும்.

அப்போதும் கம்ப்ரெஷன் டெஸ்ட் பார்க்காமல் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். குக்கரில் கேஸ்கெட் போனால் பிரஷர் நிற்காது இல்லையா? அதுபோல ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் நிற்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை.

பழைய வண்டி வாங்குவோருக்கு நம்ம ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதும், தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளமானதும் மறக்குமா? தண்ணீரில் மூழ்கி எழுந்த வண்டியில் வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். அதுவும் மிஸ்ஸிங்குக்குக் காரணமாகும். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள், விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், வண்டல் இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டை நம் கண்முன்னே போடச் சொல்லுங்கள். பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால், 'இன்னொரு நாள் வாரோம்' என்று கிளம்பிவிடுங்கள்.

2025-இல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பு வந்துவிட்டது. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே அந்த ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. ஆகவே ஹோஸ்களை அடிக்கடி பார்ப்பது நல்லது.

எல்லா மெக்கானிக்கையும் குறை சொல்வது என் எண்ணமில்லை. டாக்டர் நாடி பிடித்தாலே பீஸ் கொடுக்கிற நாம், மெக்கானிக் ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தால் 'சும்மா பாத்ததுக்கு என்ன காசு?' என்கிறோம். பாகத்தை மாற்றினால்தான் கூலி என்று ஆக்கியதில் நமக்கும் பங்குண்டு. பார்க்கிற கூலியைத் தனியாகக் கொடுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு சேதி: எஞ்சின் ஓடும்போது குனிந்தால் முந்தானையைச் செருகி, கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், ஃபேன் தானாகச் சுற்றும். பிளக் வயரை நாமே பிடுங்கிப் பார்க்க வேண்டாம், ஷாக் அடிக்கும். கதவடைத்த ஷெட்டுக்குள் வண்டியை ஓட விடவே கூடாது; புகை ஆளைக் கொன்றுவிடும்.

கத்தரிக்காயையே சொத்தை பார்த்து வாங்குகிற நாம், லட்ச ரூபாய் வண்டிக்கு நாலு கேள்வி கேட்டால் என்ன தப்பு? என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை.