தறியைப் பிரித்த பிறகு

திருத்தணி மலைக்குக் கீழே, கே.ஜி.கண்டிகையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பொதட்டூர்பேட்டையும் அம்மையார்குப்பமும் நெசவூர்கள். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் எல்லைப்புறம் இது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இவ்வூர்த் தெருக்களில் இன்று செவியை நிறைப்பது விசைத்தறியின் இரைச்சல். கைத்தறி பல வீடுகளிலிருந்து எப்போதோ விடைபெற்றுவிட்டது.

அந்த விடைபெறுதலைப் பற்றி நம் இலக்கியப் பக்கங்களில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை ஒப்பாரிகளே. பண்பாடு அழிகிறது, மரபு மறைகிறது என்று அழுகிறோம். தறியைப் பிரித்தவர் அழுதாரா என்பதை மட்டும் கேட்பதில்லை.

குழித்தறி என்பது தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்து நெய்வது. கால்கள் மிதிபலகையை மாற்றி மாற்றி அழுத்த, விழுதுகள் ஏறி இறங்கிப் பாவு இரண்டாகப் பிளக்கும். ஒரு கை கயிற்றை இழுக்க, நாடா அந்தப் பிளவுக்குள் பாய்ந்து மறுபுறம் சேரும். மறு கை அச்சை இழுத்து அடித்து ஊடிழையை நெருக்கும். ஒரு புடவைக்குள் இப்படி எத்தனை ஆயிரம் அடிகள்! இழை அறுந்ததைக் கண்ணுக்கு முன்பே காது கண்டுபிடிக்கும். கயிறிழுத்து நாடாவைப் பாய்ச்சும் இந்த முறையே 1733இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற கருவியின் வழி வந்ததுதான். 'ஆதிகாலத்துத் தறி' என்று உருகுவோர் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நுட்பமான கருவியோடு ஓர் ஆயுளைக் கழித்தவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் முழங்கால் வலியும் இடுப்பு வலியும், கூலிக்கு முன்பணம் வாங்கிய கடனும். ஆயுத பூசையன்று சந்தனம் குங்குமம் இட்டு வணங்கிய மரத்தையே அவர் விலைக்குத் தள்ளும்போது, அதில் துயரமும் உண்டு, 'அப்பாடா' என்ற பெருமூச்சும் உண்டு. அந்தப் பெருமூச்சை நாம் ஏன் எழுத மறுக்கிறோம்? நெசவாளியின் பசியை எழுத முடியும் என்பதற்குத் தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) இருக்கிறது. அதற்குப் பின்னும் நம்மில் பலருக்குத் தறி ஓர் அழகிய படிமமாகவே நின்றுவிட்டது.

இன்னொன்று. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, இத்தொழிலில் சுமார் 35 லட்சம் பேர் இருப்பதாகச் சொன்னது. அதற்கு முந்தைய 2009-10 கணக்கெடுப்பில் அவர்கள் 43 லட்சம். அந்த 35 லட்சத்தில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். ராட்டையருகே அமர்ந்து தார் சுற்றியவர்கள், விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டக் கைகொடுத்தவர்கள். தறி போனபோது அவர்களுடைய கைவேலையும் போயிற்று. ஆயினும் பிரிவுரை எழுதுவோர் எவரும் அவர்களிடம் போய் நின்றதாகத் தெரியவில்லை.

தறியை வைத்துக்கொள்ளுங்கள் என்று நெசவாளியிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்தக் கூலியில் நாம் ஒரு மாதம் குடித்தனம் நடத்த மாட்டோம். ஆனால் தறியோடு கூடவே போகும் ஒன்று நம்முடையதும்கூட. சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்பவளாகவும், மதியைக் கதிராகவும் கண்டது நன்னூலின் பாயிரம். நூல் என்ற சொல்லையே அங்கிருந்து எடுத்துக்கொண்ட மொழி இது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறி நெசவுத்தறியா, மாடு கட்டும் முளையா என்று பக்கம் பக்கமாக வாதிடுகிறோம். (முளைதான் என்பது நம் கட்சி.) அதே வேளையில் பாவு, ஊடு, தார், விழுது, அச்சு என்று பேசி வாழ்ந்தவர்களிடம், இந்தக் கயிற்றுக்கு என்ன பெயர், இந்தக் கட்டைக்கு உங்கள் தெருவில் தெலுங்கில் என்ன சொல்வீர்கள் என்று ஒருவர் கேட்டு எழுதி வைப்பதில்லை. அருங்காட்சியகத்தில் நிறுத்திய தறிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. அதை ஓட்டிய கால்களுக்குத்தான் தெரியும்.

பொதட்டூர்பேட்டைக்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் போகலாம். குழியை மூடிச் சிமெண்டு பூசிய இடத்தில் இப்போது கட்டில் கிடக்கக்கூடும். அங்கேயே உட்கார்ந்து கேட்கலாம். தறியை விற்ற அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.