எடை குறைப்பு ஆபரேஷன்: முதல் வருஷம் ஓகே... மூணாவது வருஷத்துக்கு என்ன பிளான்?

வடபழனி சிக்னலில் நின்று ஒரு ரவுண்டு சுத்திப் பாருங்கள். நூறடி சாலையும் ஆற்காடு சாலையும் சந்திக்கிற அந்த ஏரியாவில் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. மால் இருக்கிறது. நாலு எட்டு வைத்தால் பிரியாணி, பரோட்டா, பானிபூரி எல்லாமே இருக்கிறது. உடம்பை ஏத்துவதற்கும் குறைப்பதற்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே வழி உண்டு. ஆனால், குறைத்த எடையை அப்படியே வைத்துக்கொள்ள என்ன வழி? அதை மட்டும் எந்த போர்டும் சொல்வதில்லை.

இந்தக் கேள்வி ஏன் இப்போது முக்கியம்? தேசிய குடும்ப நல ஆய்வின் (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும், ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வீகோவி என்று அடுத்தடுத்து எடை குறைப்பு ஊசிகள் இந்தியாவுக்குள் வந்தன. 'ஊசியா, ஆபரேஷனா?' என்பதுதான் இப்போது எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடுகிற விவாதம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் 'அதுக்கப்புறம்?' என்ற கேள்வி வந்தே தீரும். அதை முதலிலேயே கேட்டுவிடலாமே!

ஆபரேஷன் நிஜமா வேலை செய்யுதா?

செய்கிறது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைப்பார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி, அதை நேரடியாகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். இரண்டிலும் சாப்பிடும் அளவு குறையும். பசி ஹார்மோன்களும் மாறும்.

நீண்ட காலத்தில் என்ன ஆகிறது என்பதைச் சொல்லும் முக்கியமான ஆய்வு, 1987-ல் ஸ்வீடனில் தொடங்கியது. 4,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் சராசரியாக 32 சதவிகித எடையை இழந்தார்கள். பத்தாவது வருஷத்தில் அது 25 சதவிகிதமாக இருந்தது. அதாவது 120 கிலோ இருந்த ஒருவர் முதலில் சுமார் 82 கிலோவுக்கு வந்து, பத்து வருஷத்தில் 90 கிலோவைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் செய்தவர்களிடம் இறப்பு விகிதமும் குறைந்திருந்தது. இன்று அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் அந்த ஆய்வில் இல்லை. ஆனால், ஸ்லீவிலும் சில வருஷங்களில் கொஞ்சம் எடை திரும்புவது சகஜம்தான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, 90 என்பது 120 இல்லை. அது பெரிய வெற்றி. இரண்டு, அந்த 8 கிலோ திரும்பி வருவது விதிவிலக்கு அல்ல, சராசரி. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், திரும்ப ஏறும் முதல் மூன்று கிலோவிலேயே 'எல்லாம் போச்சு' என்று மனசு உடைந்துவிடும்.

ஏன் திரும்ப ஏறுது?

'வாயைக் கட்டல, அதான்' என்று சொந்தக்காரர்கள் சிம்பிளாக முடித்துவிடுவார்கள். உடம்புக்குள் நடப்பது அவ்வளவு சிம்பிள் இல்லை.

எடை குறைந்தால் உடம்பு அதைப் பஞ்ச காலம் என்று எடுத்துக்கொள்கிறது. செலவைச் சுருக்குகிறது. அமெரிக்காவின் 'பிகெஸ்ட் லூசர்' டி.வி நிகழ்ச்சியில் ஆபரேஷன் இல்லாமல் எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். அந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அவர்களுடைய உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சராசரியாக 500 கலோரி அளவுக்குக் குறைவாக இருந்தது. எடையும் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பியிருந்தது. மன உறுதியில் அவர்களைக் குறை சொல்ல முடியுமா என்ன?

ஊசியிலும் இதே கதைதான். செமாகுளுடைடு ஊசியை நிறுத்தியவர்கள், ஒரே வருஷத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக ஓர் ஆய்வு காட்டியது. ஆபரேஷன் இந்த இழுபறியில் உங்கள் பக்கம் நிற்கும் பலமான கூட்டாளி. ஆனால், ஆட்டத்தை அதுவே தனியாக ஆடிவிடாது.

ஆரம்பத்தில் பலருக்குப் பசி குறைவாகவே இருக்கும். அதற்குப் பிறகு பசி மெதுவாகத் திரும்பும். சுருக்கிய வயிறும் கொஞ்சம் நெகிழும். அந்த நேரத்தில் பழக்கம் மாறியிருந்தால் தப்பித்தோம். மாறாமல் இருந்தால்தான் சிக்கல்.

நம்ம ஊர் தட்டில் எங்கே ஓட்டை?

சின்ன வயிற்றால் மூன்று பரோட்டா சாப்பிட முடியாது. ஆனால் ரோஸ் மில்க்? ஐஸ்கிரீம்? கையில் பாக்கெட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும் மிக்ஸர்? எல்லாமே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். சர்க்கரை போட்ட காபி ஒரு நாளைக்கு நாலு என்றால், அதுவே ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். எடை திரும்ப ஏறும் வழிகளில் முக்கியமானது இது. பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு அதிகமானால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று உடம்பே வேறு எச்சரிக்கை கொடுக்கும்.

இன்னொரு ஓட்டை, புரோட்டீன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் தேவை. ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6. மூன்று இட்லியோடு வயிறு நிறைந்துவிட்டால், கணக்கு எங்கே டேலி ஆகும்? அதனால்தான் சாப்பிடும் வரிசையை மாற்றச் சொல்கிறார்கள். முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல், பருப்பு முதலில். அடுத்து காய். சோறோ இட்லியோ கடைசியில், இடம் இருந்தால்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். நன்றாக மென்று, மெதுவாகச் சாப்பிட வேண்டும். டப்பிங், எடிட்டிங் என்று ராத்திரி முழுக்க ஓடுகிற வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஆட்களுக்கும், ஐ.டி நைட் ஷிஃப்ட் மக்களுக்கும் கூடுதலாக ஒன்று: தூக்கம் குறைந்தால் பசி கூடும். நள்ளிரவு ஆர்டர்களுக்குப் பாதிக் காரணம் வயிறு அல்ல, தூக்கமின்மை.

அடுத்து, நடை. மெட்ரோ வேலையால் ஆற்காடு சாலையில் நடப்பதே ஒரு சாகசமாக இருந்த வருஷங்களை இந்த ஏரியாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஆனாலும் பக்கத்தில் கே.கே.நகர் சிவன் பார்க் இருக்கிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ நடைபாதையும் உண்டு. நடையோடு வாரத்துக்கு இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் அவசியம். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும்.

வைட்டமின் மாத்திரைகளை ஒரு வருஷத்தோடு நிறுத்திவிட முடியாது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும் கவனிக்க வேண்டியவை. வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். பல நாள் தொடர்ந்து வாந்தி என்றால், 'ஆபரேஷன் பண்ணா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி1 குறைந்து நரம்புகள் பாதிக்கப்படலாம். உடனே டாக்டரைப் பாருங்கள். மது முன்பைவிட வேகமாக ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதைக் கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

'ஆபரேஷன் பண்ணியுமா?'

எடை திரும்ப ஏறத் தொடங்கும்போது கலோரியைவிடப் பெரிய பிரச்னை ஒன்று முளைக்கிறது. வெட்கம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், 'இவ்ளோதான் சாப்பிடுவியா? இன்னொரு வாய்தானே!' என்பார்கள். ரெண்டு வருஷம் கழித்து அதே ஆட்கள், 'அவ்ளோ செலவு பண்ணியும் மறுபடி குண்டாயிட்டியே!' என்பார்கள். ரெண்டுக்கும் பதில் சொல்ல முடியாது.

இந்த வெட்கம்தான் ஒருவரை ஃபாலோ-அப்பிலிருந்து காணாமல்போக வைக்கிறது. 'டாக்டர் திட்டுவார், கொஞ்சம் குறைச்சுட்டுப் போலாம்' என்று ஒரு அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப்போடுவோம். அடுத்ததும் தள்ளும். அதற்குள் ஏறுவது எடை மட்டுமல்ல. இரும்பு, பி12 எல்லாம் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். ஐந்து கிலோ ஏறியபோதே போயிருந்தால் உணவு மாற்றம், மருந்து, தேவைப்பட்டால் ஊசி என்று வழிகள் உண்டு. முப்பது கிலோவும் ஏறிய பிறகு போனால் வழிகள் சுருங்கிவிடும்.

பணம் ஒரு நாளுக்கு, பராமரிப்பு ஆயுளுக்கு

இங்கே தனிமனிதரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, வயது 18-க்கு மேல், டாக்டர் பரிந்துரை, பி.எம்.ஐ 40 அல்லது கடுமையான இணை நோய்களோடு 35 என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களின் ஆபரேஷனை 'உடல் பருமன்' என்ற காரணம் காட்டி மட்டும் ஒதுக்கிவிட முடியாது. 165 செ.மீ உயரம் உள்ளவருக்கு 35 என்பது சுமார் 95 கிலோ. 40 என்பது சுமார் 109 கிலோ. நல்ல விஷயம்தான். ஆனால், பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன சில மாதங்களோடு கதை முடிந்துவிடுகிறது. டயட்டீஷியன், ரத்தப் பரிசோதனை, மனநல ஆலோசனை, மாத்திரை எல்லாம் சொந்தக் காசு. ஆபரேஷனைப் பாதுகாக்கும் செலவைத்தான் யாரும் ஏற்பதில்லை.

2024 ஏப்ரலில், சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு சிகிச்சைக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தது நினைவிருக்கும். அரசு விசாரணை நடந்தது. மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக ரத்தானது. அப்போது எல்லோரும் கேட்டது, 'ஆபரேஷன் தியேட்டரில் வசதி இருந்ததா?' என்று. மிக நியாயமான கேள்வி. அதோடு சேர்த்து, தியேட்டருக்கு வெளியே அடுத்த பத்து வருஷத்துக்கு என்ன வசதி என்பதையும் கேட்க வேண்டும்.

ஆகவே, நீங்களோ வீட்டில் யாரோ ஆபரேஷனுக்கு யோசித்தால், கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் கேளுங்கள்:

* அவசரம் என்றால் சமாளிக்க ஐ.சி.யூ இருக்கிறதா?
* டயட்டீஷியனும் மனநல ஆலோசகரும் டீமில் இருக்கிறார்களா, அல்லது விளம்பரத்தில் மட்டும்தானா?
* 'பேக்கேஜ்' எத்தனை மாத ஃபாலோ-அப்பை உள்ளடக்கியது?
* மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?
* மூன்றாவது வருஷம் எடை ஏறினால் உங்கள் பிளான் என்ன?

கடைசிக் கேள்விக்கு, 'அதெல்லாம் ஏறாது சார்' என்று பதில் வந்தால், வேறொரு டாக்டரின் கருத்தையும் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்து, எடை மெஷினைப் பார்க்கவே பயமாக இருக்கிறதா? பரவாயில்லை. கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்று ஃபைலை எடுத்துப் பாருங்கள். ஒரு வருஷம் தாண்டியிருந்தால், எடை குறையட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். ஏறிய எடையோடு போவதற்குத்தானே ஃபாலோ-அப்!