கருவி வருமுன் சொல் ஆக்குக!

வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்ற கே. எசு. கிருட்டிணன், படிகங்கள் திசைக்குத் திசை காட்டும் காந்த வேறுபாட்டை 1930-களில் நுட்பமாக அளந்து புகழ்கொண்டார். அறிவியலைத் தமிழிலும் எழுதினார்.

காந்த அளவைத்துறை இன்று மருத்துவத்தினுள்ளும் புகுந்துள்ளது. குருதியிற் செலுத்தும் இரும்பு உயிரகை நுண்துகள்களையே நேரே படமாக்கலாம் என 2005-இல் செருமனியின் ஆம்பர்கு நகர அறிஞர் இருவர் காட்டினர். மாறிமாறித் திசைதிரும்பும் காந்தப்புலத்தில் அத்துகள்கள் எவ்வாறு காந்தமாகின்றன என்று முன்னரே அளந்தறிந்தாலன்றிப் படம் தெளியாது.

அங்ஙனம் அளக்கும் கருவியைத் 'துகட்காந்த அளவி' என்போம். தன் உடலுட் செல்வது யாதென நோயாளி வினவுங்கால், வைகைக்கரை மருத்துவர் அயற்சொல்லால் வாயடைப்பது அறமாகுமோ? கிருட்டிணனை வளர்த்த மண்ணில் சொல்வறட்சி என்பார் சோம்பரே! வெள்ளம் வருமுன் அணை கோலுக. கருவி வருமுன் சொல் ஆக்குக!