டாரோ கார்டும் தவறிப்போன ஒரு விண்ணப்பமும்



நாவுல வாழ் சகோதர சகோதரிகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். போன் பார்க்காத உம்மாமார் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன தவணையில் ஒரு நாள் ஒரு தாய் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தார். கையில் மகளின் ஏ.எல். பெறுபேற்றுத் தாள். "கல்வியியல் கல்லூரிக்கு இன்னும் போடலாமா ஸேர்?" என்று கேட்டார். விண்ணப்ப முடிவுத் திகதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கார்ட்ல சரியில்லாம வந்திச்சி" என்றார்.

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் கதை வந்தது. டிக்டொக் லைவில் ஒரு பெண் டாரோ கார்ட் பார்க்கிறார். முதல் கேள்வி இலவசம். அடுத்ததற்கு 1500 ரூபா, அதற்கடுத்து 3000. "மகளைத் தூரத்துக்கு அனுப்பலாமா?" என்ற கேள்விக்கு இடி விழுந்து கோபுரம் உடைகிற படம் வந்ததாம். இந்த வருடம் பயணம் கூடாது, தடை நீக்கப் பரிகாரம் செய்ய வேண்டும், 12,000 ஆகும் என்று சொல்லியிருக்கிறார். காதில் கிடந்ததை அடகு வைத்துப் பணம் போயிருக்கிறது. விண்ணப்பம் மட்டும் போகவில்லை.

அந்தத் தாயிடமும் பிள்ளையிடமும் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். யார், எந்தத் தெரு என்று தயவுசெய்து தேடாதீர்கள். ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. மரக்கறி எடுக்கத் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகிற நமது சகோதரர் ஒருவர், விடியற்காலை லொறியில் ஏறுமுன் "இன்றைய கார்ட்" பார்க்கிறார். விலை நன்றாக இருந்தால் கார்ட் சரி. விழுந்தால் அன்று சரியாகப் பார்க்கவில்லையாம். தம்புள்ளையில் விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் அன்று எத்தனை லொறி வந்தது என்பதுதான் என்று நம் எல்லோரையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும்.

முதலில் இந்தக் கார்ட் என்ன என்று பார்ப்போம். எதிர்ப்பதாக இருந்தாலும் தெரிந்துகொண்டு எதிர்க்க வேண்டும்.

ஒரு டாரோ கட்டில் 78 கார்ட். அதில் 22 பெரிய படங்கள்: மூடன், காதலர், சக்கரம், மரணம், கோபுரம், சூரியன் இப்படி. மற்ற 56உம் கிண்ணம், வாள், நாணயம், கோல் என்று நான்கு இனம். கிண்ணம் வந்தால் மனசு, வாள் வந்தால் பிரச்சினை, நாணயம் வந்தால் காசு, கோல் வந்தால் தொழில், முயற்சி என்று பொருள் சொல்வார்கள். நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் இன்னொரு பொருள். மரணம் என்ற கார்ட் வந்தால் மரணம் என்று அர்த்தமில்லை, ஒரு மாற்றம் என்றுதான் அர்த்தம் என்று பார்ப்பவர்களே சொல்கிறார்கள். அப்படியென்றால் எந்தக் கார்ட் வந்தாலும் எதையும் சொல்லலாம்.

கணக்குப் பாட ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். 78 கார்டிலிருந்து மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் 4,56,456 விதமாக எடுக்கலாம். நன்றாகக் கலைத்த கட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு வாய்ப்புத்தான். உங்கள் மகளின் எதிர்காலம் தெரிந்து எந்தக் கார்டும் மேலே வருவதில்லை.

இது எகிப்து நாட்டுப் பழைய இரகசியம் என்று லைவில் சொல்கிறார்கள். வரலாறு வேறு. விளையாட்டுச் சீட்டுகள் 1370களில் ஐரோப்பாவுக்குப் போனது முஸ்லிம் நாடுகளின் பக்கமிருந்துதான். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள் காலத்துச் சீட்டுக் கட்டு ஒன்று இன்றும் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. அதிலும் கிண்ணம், வாள், நாணயம், போலோக் கோல் என்று நான்கு இனம். ஸ்பானிய மொழியில் சீட்டுக்குச் சொல்லும் 'நைப்பஸ்' என்ற சொல், நாயிப் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்றே அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அந்தச் சீட்டோடு படக் கார்ட்களைச் சேர்த்தார்கள். அதுவும் விளையாடத்தான். பிரான்சில் இன்றும் அதை வைத்து விளையாடுகிறார்கள்.

1781இல் பாரிசில் கூர் த ஜெபலன் என்பவர், இது பழைய எகிப்தின் ஞான நூல் என்று எழுதினார். அந்த நேரத்தில் எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. ஷம்போலியோன் அதை வாசித்துக் காட்டியதே 1822இல்தான். அதற்குள் எத்தெய்லா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் கார்டுக்குக் கார்ட் பொருள் எழுதிக் குறி சொல்லத் தொடங்கிவிட்டார். இன்று போனில் நாம் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் 1909இல் லண்டனில் வந்த கட்டைப் பார்த்தவை. வெயிட் என்பவர் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். நூறு வருடத்துக்குச் சற்று முன் ஒருவர் வரைந்த கோபுரத்தைப் பார்த்துத்தான் நமது ஊரில் ஒரு விண்ணப்பம் நின்றது.

"ஆனா ஸேர், சொல்றது அப்படியே பொருந்துதே?" என்று கேட்பார்கள். பொருந்தும். அதற்கும் காரணம் இருக்கிறது. 1948இல் அமெரிக்காவில் பேர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர் 39 பேருக்கு, உன் குணத்தைப் பரிசோதித்து எழுதியது என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள் என்று. வசனங்களை ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

நாங்களும் 11ஆம் தரத்தில் செய்து பார்த்தோம். "நீ வெளியே சிரித்தாலும் உள்ளே கவலை உண்டு. உன்னை வீட்டில் சரியாக விளங்கிக்கொள்வதில்லை. உனக்குத் திறமை உண்டு, இன்னும் முழுதாக வெளிவரவில்லை" என்று எழுதி மடித்துக் கொடுத்தோம். ஏழெட்டுப் பேரைத் தவிர எல்லோரும் "எனக்கேதான்" என்றார்கள். ஒரு பிள்ளையின் கண் கலங்கியது. பக்கத்துப் பிள்ளையின் தாளை வாங்கிப் பாருங்கள் என்றதும் வகுப்பே சிரித்தது. கண் கலங்கிய பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அது எங்கள் மனதில் நிற்கிறது. திரும்பி வருவோம்.

"சில நேரம் நடக்குதே?" என்பார்கள். நடந்ததை நாம் நினைவில் வைக்கிறோம், நடக்காததை மறந்துவிடுகிறோம். நாட்டுக் கதையையே பாருங்கள். அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ, பதவிக்காலம் முடிய ஏறத்தாழ இரண்டு வருடம் இருக்கும்போதே 2015 ஜனவரி 8இல் தேர்தல் வைத்தார். அவரது சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன வெற்றி நிச்சயம் என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் வென்றிருந்தவர் மைத்திரிபால சிறிசேன. இரண்டு வருடம் கழித்து வேறொரு சோதிடர், 2017 ஜனவரி 26க்குள் சிறிசேன மௌத்தாகிவிடுவார் என்று சொல்லிக் கைதானார். அந்தத் திகதியும் போனது, சிறிசேனவும் பதவிக்காலத்தை முடித்தே போனார். நாட்டின் தலைவருக்கே சரியாகச் சொல்ல முடியாதவர்கள் 1500 ரூபாவுக்கு நமக்குச் சொல்வார்களா?

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. நாங்கள் நினைவூட்ட மட்டுமே செய்கிறோம். ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் பயணம் போக, கலியாணம் முடிக்க அம்பு எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் செய் என்றும், ஒன்றில் செய்யாதே என்றும் இருக்கும், ஒன்று வெறுமையாக இருக்கும். சூரா மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவோடும் சூதோடும் சேர்த்து இதையும் விலக்கச் சொல்கிறது. அம்புக்குப் பதில் கார்ட், கஃபாவுக்குப் பதில் டிக்டொக். வேறு என்ன வித்தியாசம்? நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மௌத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அதனால்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். தன் பிள்ளையை அடக்கிய அந்த நாளிலும் நபியவர்கள் அதை மறுத்தார்கள். யாருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

இதை வாசித்துவிட்டு அயலில் இருக்கும் சிங்கள மக்களைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். நேகத் பார்ப்பது அவர்களது வழக்கம், அது அவர்கள் பாடு. நமது பக்கத்தில் பால் கிதாபு பார்ப்பவர் இல்லையா? களவு போனால் மை போட்டுப் பார்ப்பவரிடம் நாம் போகவில்லையா? இஸ்திகாராவைக்கூட நாம் விட்டுவைக்கவில்லை. தொழுதுவிட்டுக் கனவில் பச்சை தெரிகிறதா, கறுப்பு தெரிகிறதா என்று காத்திருக்கிறோம். அதையும் ஒரு கார்டாக ஆக்கிவிட்டோம். இஸ்திகாரா என்பது விசாரித்து, யோசித்து, ஒரு முடிவை நெருங்கி, அதில் நன்மை இருந்தால் இலேசாக்கித் தா என்று கேட்கிற துஆ. முடிவெடுக்கும் பொறுப்பை அது நம்மிடமிருந்து எடுத்துவிடாது.

இப்போது அந்தத் தாயிடம் திரும்புவோம். ஹராம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஐந்து நேரமும் தொழுகிறவர். பிறகு ஏன் போனார்?

கணவர் கத்தாரில். இரவில் பத்து நிமிடம் பேசுவார், அதிலும் பாதி செலவுக் கணக்கு. நானாமாரிடம் கேட்டார், "உங்கட விருப்பம்" என்றார்கள். எங்களிடம் வந்தபோது "வர்த்தமானியைப் பாருங்க உம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். அட்டாளைச்சேனையா, கொட்டகலையா, எங்கே கிடைக்கும், விடுதி எப்படி, யார் கூட்டிப் போவது, ஊர் என்ன சொல்லும் என்று அவர் மனதில் இருந்த பயங்களை உட்கார்ந்து கேட்டவர் யாருமில்லை. அந்தக் கார்ட்காரப் பெண் நாற்பது நிமிடம் கேட்டிருக்கிறார்.

மகள் ஒரு வார்த்தை சொன்னாள். "உம்மா அனுப்பின வொயிஸைக் கேட்டேன் ஸேர். தூரம் அனுப்ப பயமா ஈக்குது, அனுப்பலாமா என்டுதான் கேட்டிருந்தாங்க. பதில் அதுலயே இருந்திச்சி." சரியாகச் சொன்னாள். தாயின் பயத்தைத்தான் அந்தப் பெண் கோபுரமாகத் திருப்பிக் காட்டினார். காசு அதற்குத்தான் போனது. வகுப்பில் கண் கலங்கிய பிள்ளைக்கும் அதே கதைதான். வீட்டில் யாரும் கேட்காததை ஒரு மடித்த தாள் கேட்டதுபோல் இருந்திருக்கிறது.

ஆகவே ஹராம் என்று மிம்பரில் சொன்னால் மட்டும் இது நிற்காது. நாம் மஷ்வராவை விட்ட இடத்தில்தான் கார்ட் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, வாரத்தில் ஒரு நாள் காசுக் கதை பேசாமல் பிள்ளையின் படிப்பை மட்டும் பேசுங்கள். நானாமாரே, "உங்கட விருப்பம்" என்பது மரியாதை மாதிரித் தெரியும். பல நேரம் அது கைகழுவுதல்தான். பள்ளிவாசல் நிருவாகத்திடமும் ஒரு வேண்டுகோள்: பெறுபேறு வரும் காலத்தில் ஒரு மாலை, பெண்களுக்கும் இடம் வைத்து, ஏற்கெனவே கல்வியியல் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்ப் படித்த நமது பிள்ளைகளைப் பேச வையுங்கள். விடுதி எப்படி என்று போய் வந்த பிள்ளை சொன்னால் கோபுரம் விழாது.

எங்கள் பக்கத்துத் தவறுக்கு நாங்கள் செய்வது இது. இனி சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு எங்களில் இரண்டு பேர் பாடசாலையில் இருப்போம். பெறுபேற்றுத் தாளைக் கொண்டு வாருங்கள். பயத்தையும் கொண்டு வாருங்கள். நாற்பது நிமிடம் கேட்போம். காசு வேண்டாம்.

அந்தப் பிள்ளை அடுத்த வர்த்தமானிக்காகக் காத்திருக்கிறாள். கிடைக்குமா என்று எங்களுக்குத் தெரியாது, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். விண்ணப்பம் நேரத்துக்குப் போகுமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. இந்த முறை அது போகும், இன்ஷா அல்லாஹ்.

பிழை இருந்தால் கொமன்டில் திருத்துங்கள். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.